விகிதாசாரத்திடம் எதைக் கேட்பது?



தம்பி, ஆத்தங்குடியிலிருந்து எழுதுகிறேன். கொழும்பில் தேர்தல் செய்தி எழுதப் போயிருக்கும் நீ, விகிதாசார முறை அந்தச் சிறிய நாட்டுக்கு நல்ல ஆட்சியைத் தந்ததா என்று கேட்டிருக்கிறாய். இலங்கை, எங்கள் பாட்டன்மார் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன நாடு. அதன் அரசியலை அயல்நாட்டுச் செய்தியாகப் படிக்க எனக்கு முடிவதில்லை.

முதலில் பழைய தொகுதி முறையின் கணக்கைப் பார். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்கு வாங்கியது. 168 இடங்களில் 140 கிடைத்தது. சுதந்திரக் கட்சிக்கு 30 சதவீதம் போல வாக்கு, இடமோ 8. தமிழ்ப் பகுதிகளில் 18 இடம் வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த ஆறில் ஐந்து பங்கு பலத்தை வைத்துக்கொண்டுதான் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜெயவர்த்தன 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். விகிதாசாரமும் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பதவியும் ஒரே ஏட்டில் இடம்பெற்றன. இதை மறந்துவிட்டு இந்த விஷயத்தில் ஒரு வரியும் எழுதாதே. 1982இல் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, பழைய முறையில் வந்த அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் நடந்தது. அதற்குள் 1983 ஜூலை இனக்கலவரம் வந்து போய், நாடு போருக்குள் இருந்தது.

பிறகாவது ஆட்சி சிறந்ததா? ஒரு கட்சி தனியே அள்ளிக்கொண்டு போவது சில காலம் நின்றது. ஆனால் ஆதரவைச் சேர்க்க மந்திரிப் பதவிகள் பங்கிடப்பட்டன. 2007இல் அமைச்சர்களும் துணை அமைச்சர்களும் சேர்ந்து நூறைத் தாண்டினர். 2010இல் 144 இடம் வென்ற ஆளும் கூட்டணி, கட்சி தாவியவர்களையும் சேர்த்து 161 வாக்கில் 18ஆம் திருத்தத்தை நிறைவேற்றி, ஒருவர் இருமுறைதான் ஜனாதிபதியாகத் தெரிவாகலாம் என்ற வரம்பை நீக்கியது. 2021இல் ரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்த முடிவையும், 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் போனதையும் 225 பேர் கொண்ட விகிதாசாரச் சபை தடுக்கவில்லை. கட்சிப் பட்டியலில் யாருக்கு இடம் என்று தீர்மானிக்கும் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் மாவட்டம் முழுக்கப் பணத்தை இறைத்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது வேறு. மறுபக்கம், விகிதாசாரம் இல்லாத சிங்கப்பூரில் 2020இல் ஆளுங்கட்சியின் 61 சதவீத வாக்குக்கு 93இல் 83 இடம் போனது. அந்தச் சிறிய நாட்டின் நிர்வாகத்தை அதிகம் பேர் குறை சொல்வதில்லை.

ஆகவே நல்ல நிர்வாகத்தை விகிதாசாரத்திடம் கேட்காதே. அதனிடம் கேட்க வேண்டியது, சபைக்குள் யார் உட்கார முடிகிறது என்பதை.

எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் பிறந்த சௌமியமூர்த்தி தொண்டமானை எடுத்துக்கொள். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 6 இடங்கள் வென்றது. அவரும் நுவரெலியாவில் வென்றார். 1948 குடியுரிமைச் சட்டமும், தொடர்ந்து தோட்டத் தமிழரின் வாக்குரிமைப் பறிப்பும் வந்தன. 1952இல் அவர்களில் ஒருவரும் தேர்தலில் வென்று உள்ளே போகவில்லை. 1977இல் தொண்டமான் மீண்டும் வாக்கு வாங்கி நுழைந்தார் என்றால், நுவரெலியா-மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்ததால்தான். முதலிடம் காமினி திசாநாயக்க, இரண்டாமிடம் அனுர பண்டாரநாயக்க, மூன்றாமிடம் இவர். ஒருவரே வெல்லும் தொகுதியாக இருந்திருந்தால், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் வாக்குகள் அத்தனையும் வீண். 1988இல், ஒரு மாவட்டத்தில் இடம் பெறக் குறைந்தது வாங்க வேண்டிய வாக்கான வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைக்க முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரஃப் ஏன் அத்தனை பிடிவாதமாக நின்றார் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

ஆனால் இந்த வாசலும் எப்போதும் அகலமானதல்ல. 2024இல் தேசிய மக்கள் சக்தி மட்டக்களப்பு தவிர எல்லா மாவட்டத்திலும் முதலில் வந்து, மாவட்டத்தில் முதலில் வரும் கட்சிக்குத் தரும் மேலதிக இடங்களையும் வாரிக்கொண்டது; 61.6 சதவீதத்துக்கு 159 இடம். நான்கைந்து இடங்களே உள்ள மாவட்டத்தில் 5 சதவீத வெட்டுப்புள்ளி வெறும் எழுத்துதான். இதெல்லாம் நாடளாவிய சதவீதத்தில் தெரியாது. மாவட்ட முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு நீயே கூட்டிக் கழிக்க வேண்டும்.

தொகுதி முறைக்குத் திரும்பலாம், கலப்பு முறை கொண்டுவரலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அடுத்த வரைவு வரும்போது, அதன்படி மலையகத்திலும் வன்னியிலும் புத்தளத்திலும் எத்தனை பேருடைய வாக்கு வீணாகும் என்று கணக்குப் போடு. அந்த எண்ணை முதல் பத்தியிலேயே அச்சிடு.