ஏற்றத்தில் நின்றுபோகும் பழைய கார்: பொறியா, பெற்றோலா?

கொடகவெலயிலிருந்து இறக்குவானைப் பக்கம் ஏறும்போது பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று திடீரென நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டுத் திறப்பைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. கராஜில் நிற்பதில்லை. "காபரேட்டரை மாற்றுவோம்" என்கிறார்கள். மாற்றிய பின்பும் அடுத்த கிழமை அதே ஏற்றத்தில் நிற்கிறது.

இடம்பெயர்ந்து, பஸ் வராத புதுக் குடியிருப்புகளில் வாழும் நமக்கு இது சிறிய விடயமல்ல. நோயாளியை வைத்தியசாலைக்கும் மரக்கறியைச் சந்தைக்கும் கொண்டுபோவது இப்படிப்பட்ட ஹயர் கார்தான். மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலையும் ஏறியது. ஆகவே இருப்பதைப் பேணத் தெரிந்திருப்பது அவசியம்.

எஞ்சின் ஓடக் காற்று, பெற்றோல், சரியான நேரத்தில் பொறி ஆகிய மூன்றும் வேண்டும். இடையிடையே நிற்கும் காரில் பெரும்பாலும் பெற்றோலோ பொறியோ போய்ப் போய் வருகிறது. எது போனது என்பதை, நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும். ஆறிய பின் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

நின்ற விதமே முதல் அடையாளம். திறப்பை மூடியதுபோல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கத்தைச் சந்தேகிப்போம். இருமி, இழுவை குறைந்து, தள்ளாடி நின்றால் பெற்றோல் பக்கத்தைச் சந்தேகிப்போம்.

முதலில் பொறி

காரை ஓரங்கட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை இழுப்போம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலுள்ள தடித்த வயரைக் கழற்றுவோம். கையால் பிடிக்காமல், உலர்ந்த மரக்குச்சியில் கட்டி, அதன் நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைப்போம். இன்னொருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். பலமான நீலப் பொறி பாய்ந்தால் கொயில் வேலை செய்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்தால், அல்லது வராவிட்டால், கொயில், கொண்டென்சர், பொயின்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். சூடானால் கைவிட்டு, ஆறினால் திரும்புவது கொயிலுக்கும் கொண்டென்சருக்கும் வழக்கம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் மெல்லிய வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம். மெதுவாக இழுத்தால் தெரியும். பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம்.

பிறகு பெற்றோல்

1. தாங்கி மூடியைத் திறப்போம். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பின் கார் ஓடினால், காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

2. திறப்பைப் போட்டு மின்சாரப் பம்பைக் கேட்போம். சில முறை தட்டிவிட்டு அடங்கினால் காபரேட்டர் கிண்ணம் நிறைந்துவிட்டது. ஓயாமல் தட்டினால் தாங்கி வெறுமையாகவோ, குழாயில் காற்று புகுந்தோ, பெற்றோல் ஆவியாகியோ இருக்கலாம். சத்தமே இல்லாவிட்டால் பம்பை மெல்லத் தட்டுவோம். உடனே தட்டத் தொடங்கினால் அதன் பொயின்ட் தேய்ந்திருக்கிறது.

3. பம்பிலும் குழாயிலும் ஈரத்துணி சுற்றியபின் ஓடினால், சூட்டில் பெற்றோல் ஆவியானதே காரணம். குழாயைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டுவோம்.

4. எஞ்சின் ஆறியபின், காபரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலில் விட்டுப் பார்ப்போம். பெற்றோல் நன்றாக வந்தால் மட்டுமே காபரேட்டரின் ஊசியையும் கிண்ணத்திலுள்ள அழுக்கையும் பார்ப்போம். 2022 தட்டுப்பாட்டின்போது கலன்களில் சேமித்த பெற்றோலோடு துருவும் தண்ணீரும் பல தாங்கிகளுக்குள் போயின.

கவனம்: பெற்றோல் குழாயைக் கழற்றியபின் பொறி பார்க்கவே கூடாது. சுருட்டு, பீடி, விளக்கு அருகில் வேண்டாம்.

காபரேட்டர் குற்றவாளிப் பட்டியலில் கடைசி. அதை முதலில் மாற்றினால் ஒரு மாத வருமானம் போகலாம். கொண்டென்சரின் விலை அதற்குப் பக்கத்தில் சொற்பம். நின்ற இடம், நேரம், வெயிலா மழையா, எப்படி நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், மெக்கானிக்கிடம் ஊகத்தை அல்ல, சான்றைக் கொடுக்கலாம்.

கலந்துரையாட: நமது குடியிருப்பில் ஹயர் ஓட்டும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் கூடி ஒரு கொயிலையும் கொண்டென்சரையும் பொதுவில் வாங்கி வைக்கலாமா?