மலைநீரும் மின்னூர்தியும்

புகை கக்காது ஓடும் மின்னூர்தியைத் தூய ஊர்தி என உலகம் போற்றுகின்றது. அது முற்றும் தூயதோ என ஈண்டு ஆராய்வாம்.

கைப்பேசியிலும் கையிற் கட்டும் புதுக் கடிகாரத்திலும் உள்ள இலித்தியம் அயன் மின்கலமே ஊர்தியிற் பெரிதாய் அமைந்துள்ளது. அதனை உருவாக்கிய அறிஞர் மூவர் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். மின்கலம் மின்சாரத்தைச் சேமிக்குமேயன்றித் தானாக ஆக்காது. ஆதலின், மின்சாரம் பிறக்குமிடம் நோக்கியே ஊர்தியின் தூய்மையை அளத்தல் வேண்டும்.

நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலையம் நிலக்கரியால் இயங்குகின்றது. நம் வட்டகொடைக்கு அடுத்த தலவாக்கலையிலோ கொத்மலை ஓயா அணையில் தேங்கி, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கவழி பாய்ந்து, 150 மெகாவாட் மேல் கொத்மலை நிலையத்தை 2012 முதல் இயக்கி வருகின்றது. இவ்விரு மின்சாரமும் ஒரே கம்பி வலையிற் கலக்கின்றன. மழை பொய்ப்பின் கரியின் பங்கு மிகும். ஊர்தியின் தூய்மையும் அதற்கேற்பக் குன்றும்.

நீர்மின்சாரமும் விலையின்றி வந்ததன்று. அணையின் பொருட்டுத் தலவாக்கலைக் குடும்பங்கள் பல இடம் பெயர்ந்தன. சென்கிளயர் அருவியும் மெலிந்தது. மின்னூர்தி வாங்கும் நம் பழைய மாணவர், தாம் கொடுத்த விலையோடு இம்மலை கொடுத்த விலையையும் நினைவிற் கொள்வாராக.