நாவடக்கம்

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வர பகவானுக்கு எள்ளெண்ணெய் எரித்து, பிள்ளைகளின் நலம் வேண்டுகிறோம். வீடு திரும்பியதும் அதே பிள்ளையைச் ‘சனியன்’ என்று ஏசுகிறோம். தூஷணம் பேசினால்தான் குற்றம், இது பாதகமில்லை என்பது நம்மவர் எண்ணம்.

அடியேனும் அப்படியே எண்ணியிருந்தேன். கந்தோரால் களைத்து வந்து அன்று மகனை ஏசிய சொல்லை, இன்று அவன் தன் பிள்ளைக்குச் சொல்கிறான். கண்டிக்க எனக்கு வாய் எழவில்லை.

திருவள்ளுவர் ‘இனியவை கூறல்’ (10ஆம் அதிகாரம்), நாகாக்கச் சொல்லும் ‘அடக்கமுடைமை’ (13ஆம் அதிகாரம்) இரண்டையும் இல்லறவியலிலேயே வைத்தார். குடும்பத்தவருக்கே அவை வேண்டும்.

மனம், வாக்கு, காயம் மூன்றாலும் செய்வதே வழிபாடு. கோபம் வரும்போது ‘சிவசிவ’ என்போம். பிள்ளைகளும் அதையே பழகட்டும்.