வரலாறு என்னும் உரைகல்

மாணவர்களே! உரிமை என்பது யாது? அரசின் அதிகாரத்திற்கு எல்லை உண்டா? இத்தகைய வினாக்களை ஆராயும் துறை அரசியல் தத்துவம் ஆகும். இவற்றிற்குச் சிந்தனையால் மட்டுமே விடைகாண முயன்றால், அவ்விடை ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும். அதனைச் சோதித்தறியும் உரைகல்லாக விளங்குவது வரலாறு.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். நாட்டைப் பேராபத்திலிருந்து காக்கும்பொருட்டு, குடிமக்களின் உரிமைகளை அரசு சிறிது காலம் நிறுத்திவைக்கலாமா? 'நாடு நிலைத்தால்தானே உரிமை நிலைக்கும். எனவே நிறுத்திவைக்கலாம்' என்பது முதல் நோக்கில் நேரிய விடையாகவே தோன்றும்.

1919ஆம் ஆண்டு ஜெர்மனியில் இயற்றப்பட்ட வைமர் அரசமைப்பும் அவ்வாறே கருதியது. பொது அமைதிக்கு ஊறு நேரும்போது சில அடிப்படை உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அதிகாரத்தை, அதன் 48ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கு வழங்கியது. 1933 பிப்ரவரி 27 அன்று அந்நாட்டின் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது. அப்போது ஹிட்லர் அரசின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். மறுநாளே அவ்வுறுப்பின்படி பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை ஆகியன நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிகம் எனப்பட்ட அந்நிலை, 1945இல் ஹிட்லரின் ஆட்சி வீழும்வரை நீடித்தது.

இவ்வரலாற்றை நம் அரசியல் நிர்ணய சபை அறிந்திருந்தது. 1949இல் நெருக்கடி நிலை பற்றிய பிரிவுகள் விவாதிக்கப்பட்டபோது, உறுப்பினர் எச்.வி. காமத் வைமர் அரசமைப்பைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். எனினும் அப்பிரிவுகள் ஏற்கப்பட்டன. 1975 ஜூன் 25 அன்று 'உள்நாட்டுக் குழப்பம்' என்னும் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உள்ளாயின. 1977 மார்ச்சு மாதத்திலேயே அந்நிலை விலக்கப்பட்டது.

இவ்வனுபவத்தின் பயனாக, 1978இல் 44ஆவது திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்னும் தெளிவற்ற சொல் நீக்கப்பட்டு, 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' என்பது சேர்க்கப்பட்டது. அமைச்சரவையின் முடிவு எழுத்து வடிவில் தெரிவிக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் உறுப்பை எக்காலத்தும் நிறுத்திவைக்க இயலாது என்றும் வரையறுக்கப்பட்டது.

நெருக்கடி அதிகாரம் முற்றிலும் கைவிடப்படவில்லை என்பதையும் நோக்குக. போர் போன்ற ஆபத்துகள் மெய்யாகவே நேரக்கூடும். ஆதலின், வரலாறு நம் வினாவிற்கு 'ஆம்', 'இல்லை' என விடை தருவதில்லை; வினாவையே கூர்மையாக்கித் தருகிறது. ஆபத்து வந்துவிட்டதென முடிவு செய்பவர் யார்? எத்தனை காலத்திற்கு? அம்முடிவு தவறாயின் தடுக்க வல்லவர் யார்? இவற்றைக் கேட்கப் பழகியவரே தம் உரிமையைக் காக்க வல்லவர்.

அருஞ்சொற்பொருள்

உரைகல் – பொன்னின் மாற்றறிய உதவும் கல்
ஊறு – தீங்கு
நேரிய – சரியான

பயிற்சி

1. வைமர் அரசமைப்பின் 48ஆம் உறுப்பு யாருக்கு, எவ்வதிகாரத்தை வழங்கியது?
2. 44ஆவது திருத்தம் செய்த மாற்றங்களுள் இரண்டினை எழுதுக.
3. பிரித்தெழுதுக: பேராபத்து, அவ்வுறுப்பு.
4. நெருக்கடிக் காலத்திலும் பறிக்கக்கூடாத உரிமை என நீவிர் கருதுவது யாது? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.