கொத்தலஹிம்புட்டுத் தேநீரும் கிளினிக் குளிசையும்

கொத்தலஹிம்புட்டு என்னும் மூலிகைக் கொடியின் கட்டையைக் கடைந்த குவளையில் இரவு ஊற்றி வைத்த நீரை விடியற்காலையில் வெறும் வயிற்றில் பருகிவிட்டால், கிளினிக்கில் தந்த குளிசைக்கு இனி அவசியமில்லை என்னும் நம்பிக்கை, எங்கள் சீனன்குடாவிலும் ஏனைய ஊர்களிலும் சீனி வருத்தம் உள்ள பலருடைய மனத்தில் ஆழ வேரூன்றி நிற்கிறது.

மூலிகையில் குணம் உண்டு என்பது மூடநம்பிக்கையன்று. ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் யோஷிகாவாவும் அவருடைய சகாக்களும் இக்கொடியிலிருந்து 1997இல் சலசினோல் என்னும் பதார்த்தத்தையும், அடுத்த ஆண்டில் கோதலனோலையும் பிரித்தெடுத்தனர். நாம் உண்ணும் மாச்சத்தையும் சீனியையும் சிறுகுடலிலே குளுக்கோசாக உடைக்கின்ற நொதியங்களை இவை தடுத்து வைப்பதனால், குளுக்கோசு ஒரேயடியாக இரத்தத்தில் பாயாமல் சிறிது சிறிதாகச் சேர்கிறது.

ஆகவே, நம் ஊர்ப் பிறிமா ஆலையில் அரைத்த கோதுமை மாவில் சுட்ட பாணையோ ரொட்டியையோ உண்ணும் வேளையிலே இக்குவளை நீருக்கோ இம்மூலிகைத் தேநீருக்கோ ஒரு காரியம் இருக்கிறதேயன்றி, குடல் வெறுமையாய்க் கிடக்கும் அதிகாலையில் தடுப்பதற்கு அங்கே மாச்சத்து ஏது? இரவெல்லாம் ஈரல் தானாகவே இரத்தத்திற்குள் விடுகின்ற குளுக்கோசு இந்த நொதியத் தடைக்குக் கட்டுப்படுவதில்லை. இன்சுலின் அறவே சுரக்காத முதலாம் வகை நீரிழிவுக்காரர் இதனை நம்பி ஊசியை நிறுத்துவது பிராணாபாயம்.

'பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டதாயிற்றே' என்பர் சிலர். மெய்தான், இலங்கையில் இரண்டாம் வகை நோயாளர் 51 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மும்மாத இரத்தச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு, மூலிகை சேராத போலித் தேநீர் பருகிய காலத்தில் சராசரி 6.65 சதவீதமாகவும், மூலிகைத் தேநீர் பருகிய காலத்தில் 6.29 சதவீதமாகவும் இருந்தது. அவர்கள் குளிசையை வீசியெறிந்துவிட்டுத் தேநீர் பருகியவர்களல்லர். வைத்தியர் தந்த மருந்தோடு சேர்த்தே பருகியவர்கள்.

மூலிகையாதலால் தீங்கில்லை என்பதும் சரியன்று. வயிற்று உப்புசமும் பேதியும் உண்டாகக்கூடும். கர்ப்பமுற்ற எலிகளுக்கு இதன் வேர்ச்சாற்றைக் கொடுத்த ஆய்வில் கருவிழப்பு அதிகரித்தமையால், கர்ப்பிணிகள் இதைத் தவிர்ப்பதே உத்தமம்.

இன்னொரு விஷயத்தை நான் மிகவும் கவலையோடு சொல்லுகிறேன். இன்சுலினோ, கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ எடுப்பவருக்குச் சீனி திடீரென இறங்கி, வியர்த்து, கைகால் நடுங்கும்போது, வீட்டார் பதறிச் சீனித் தேத்தண்ணி கொடுப்பது வழக்கம். சீனியை உடைக்கும் நொதியத்தையும் இம்மூலிகை தடுத்து வைப்பதால், அந்தச் சீனி இரத்தத்தில் ஏறத் தாமதமாகலாம். அவ்வேளையில் உடைபட வேண்டாத குளுக்கோசையே கரைத்துக் கொடுத்தல் வேண்டும்.

அன்பர்களே, இத்தேநீரைப் பருகுவோர் அதனை மறைக்காமல் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள். குளிசையின் அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு குளுக்கோசுப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.