விழக் கற்ற பெண்

ஜூடோ ஜப்பான் நாட்டில் தோன்றிய விளையாட்டு. இருவர் சட்டையைப் பிடித்துப் போராடுவார்கள். முதுகு தரையில் படும்படி எதிராளியை வீச வேண்டும். இதில் முதலில் கற்றுத் தருவது என்ன தெரியுமா? அடிபடாமல் விழுவது!

சுசீலா தேவி மணிப்பூர்ப் பெண். 1995-ல் பிறந்தார். சிறு வயதிலேயே ஜூடோ கற்றார். 2014-ல் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் போட்டி நடந்தது. 48 கிலோ எடைப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

2018-ல் தொடைத் தசையில் காயம் பட்டது. ஆசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. ஆனாலும் பயிற்சியை விடவில்லை. வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் பணம் வேண்டும். தன் காரையே விற்றார்.

2021-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. இந்தியாவிலிருந்து ஜூடோவுக்குப் போனவர் இவர் ஒருவரே. முதல் சுற்றிலேயே தோற்றார். மறு ஆண்டு, 2022-ல், பர்மிங்காம் நகரில் மீண்டும் வெள்ளி வென்றார்.

விஜயநகர்த் தாய்மார்களே! நாமும் எழுதும்போது தவறு செய்கிறோம். அழித்து மறுபடி எழுதுகிறோம். அதுவும் விழுந்து எழுவதுதான்.

பேசுவோம்: "நானும் விளையாடப் போகிறேன்" என்று மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

எழுதுவோம்: சுசீலா தேவி தன் காரை ஏன் விற்றார்?