ஒரே வெடி

நுழையும்முன்

கருவிகள் மனிதனுக்கு ஆற்றலைத் தருகின்றன. சில கருவிகள் அவனிடம் அறிவையும் கோருகின்றன. அத்தகைய கருவி ஒன்று ஓய்ந்தபின், அதனோடு வளர்ந்த அறிவு என்னவாகும்?

ஏரியும் வேட்டையும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் உள்ள ஊர் கிருமாம்பாக்கம். அதனை அடுத்த பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையால் பாகூர் ஏரி நிரம்பியதும் ஊசிவால் வாத்து முதலிய பறவைகள் வடபுலத்திலிருந்து வலசை வருகின்றன. தமிழ் நிலத்தில் இத்தகைய ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் கொக்கு, காடை, முயல் போன்றவற்றை வேட்டையாடி வாழ்ந்தோருள் நரிக்குறவர் குறிப்பிடத்தக்கவர். வாக்ரிபோலி மொழி பேசும் இம்மக்களின் வேட்டைக்கருவி நாட்டுத்துப்பாக்கியாகும்.

கருவியின் இயல்பு

இத்துப்பாக்கியில் தோட்டா இல்லை. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை கலந்த கருமருந்தைக் குழலின் வாய்வழியே இடுவர். துணியோ நாரோ வைத்துக் கம்பியால் இடித்து இறுக்குவர். பின்னர் ஈயக்குண்டுகளை இட்டு மீண்டும் அடைப்பர். குழலின் அடிப்புறத்தில் 'கேப்பு' எனப்படும் சிறு வெடிமூடியைப் பொருத்துவர். விசையை அழுத்தியதும் சுத்தி அதன்மீது விழ, தீப்பொறி உட்சென்று மருந்தைப் பற்றவைக்கும்.

இதற்கு முந்தைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் பொறி வெளியே தெறித்ததால் பறவைகள் வெருண்டு பறந்தன. பறவை வேட்டையில் ஈடுபாடுடைய ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத், தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறையை உருவாக்கி 1807-இல் காப்புரிமை பெற்றார். அதன் வளர்ச்சியே கேப்பு.

கோரிய அறிவு

குறி தவறினால் அனைத்தையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதற்குள் பறவை தொலைவு சென்றுவிடும். ஈரம் பட்டால் மருந்து நமுத்துவிடும். எனவே, பறவை இரை தேடும் பொழுது, அது காற்றை எதிர்த்து எழும் திசை, அதன் குரல் ஆகியவற்றை வேட்டைக்காரர் அறிந்திருக்கவேண்டும். ஒரே வெடி என்னும் குறையே பொறுமைக்கு ஆசிரியராயிற்று.

சட்டமும் வாழ்வும்

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் பயிர்க்காவலுக்காக இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் பெற இடமளிக்கிறது. ஆனால், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்தது. அருகிவரும் உயிர்களைக் காக்க அது இன்றியமையாதது. எனினும், வேட்டையையே நம்பிய குடும்பங்கள் ஊசிமணி, பாசிமணி விற்று ஊர் ஊராய் அலையும் நிலைக்குத் தள்ளப்பட்டன. 2023-இல்தான் நரிக்குறவர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றனர்.

இதே சட்டத்தால் பாம்புத்தோல் தொழிலை இழந்த இருளர்க்கு வேறொரு வழி திறந்தது. 1978-இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்சுமுறி மருந்துக்கு நஞ்சு எடுத்தபின் பாம்புகளை மீண்டும் காட்டிலேயே விடுகிறது. கொல்லப் பயன்பட்ட அறிவு உயிர்காக்கப் பயன்படுகிறது. ஏரிப் பறவைகளின் வரவையும் வழியையும் அறிந்தோர்க்கும் அத்தகைய வழி திறக்கவேண்டும். துப்பாக்கி ஓய்ந்தது அறமே; அதனோடு அறிவும் ஓய்ந்தால் அது இழப்பாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நீர்நிலைக்கு வரும் பறவைகளைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, வகுப்பில் கலந்துரையாடுக.